என்னோடிரும்: ஒரு சாயங்காலப் பாட்டு வந்த வழி

உத்திரமேரூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது குடவோலைத் தேர்தல் முறை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் கூடாது, கணக்குக் காட்டாதவனை என்ன செய்வது என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. ஊரின் மற்ற பெருமைகளுக்கும் கல்லோ ஏரிக்கரையோ சாட்சி உண்டு. அதே வட்டாரத்தில், எதிலும் வெட்டி வைக்காமல் வாயில் வாழ்கிற ஒரு பாட்டும் இருக்கிறது. அயர்லாந்தில் கருக்கொண்டு, இங்கிலாந்தில் மெட்டுக் கட்டி, தமிழ்ப் பேச்சு பழகி, இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சாவு வீடுகளில் பொழுது சாயும் நேரத்தில் எழுகிற பாட்டு. சபைகளின் பாட்டுப் புத்தகமான பாமாலையில் அதற்கு ‘என்னோடிரும்’ என்று பெயர்.

பாமாலையைத் திறந்து பார்த்தால் எழுத்து மட்டும்தான் இருக்கும். சுரக்குறிப்பு கிடையாது. கிராமத்துச் சபைகளில் மெட்டு என்பது உபதேசியார் வாயிலிருந்து பிள்ளைகள் காதுக்குப் போய், அவர்கள் கிழவர்களானதும் அடுத்த காதுக்குப் போகிற சொத்து. போகிற வழியில் கொஞ்சம் இழுபடும். லண்டனில் மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு இங்கே ஆறு நிமிடம் ஓடுவதற்கு அதுதான் காரணம். எனக்கு இந்த ஆறு நிமிடப் பாட்டுதான் பிடிக்கும். அதற்கான காரணத்தைச் சொல்ல, பாட்டு பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஹென்றி பிரான்சிஸ் லைட் 1793-இல் ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியில், கெல்சோ அருகே எட்னம் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளை. அயர்லாந்தில் பிறர் தயவில் படித்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் தேறி, குருவானவர் ஆனார். 1820-இல் வெக்ஸ்போர்டு பகுதியில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, வில்லியம் அகஸ்டஸ் லெ ஹன்ட் என்ற பழைய நண்பர் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார்.  நண்பர் ‘என்னோடு இரு’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கட்டிலருகே உட்கார்ந்திருந்த லைட் வெளியே வந்து, அந்தச் சொல்லை வைத்தே பாட்டை எழுதி, ஒரு பிரதியைத் தான் தங்கியிருந்த குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று 1925-இல் லண்டன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் வந்த ஒரு கடிதம் சொல்கிறது.

இதற்குப் போட்டியாக இன்னொரு கதையும் உண்டு. லைட்டின் மகள் எழுதி வைத்தது. அதன்படி பாட்டு வெளிப்பட்டது 1847 செப்டம்பர் தொடக்கத்தில். அப்போது லைட்டுக்கு வயது 54, காசநோய் முற்றிவிட்டது. டெவன் கடற்கரையில் பிரிக்ஸம் என்ற மீனவர் ஊரில் இருபது ஆண்டுக்கு மேல் போதகராக இருந்தவர், குளிர் தாங்காமல் தெற்கே கிளம்பும் முன் கடைசியாகப் பிரசங்கம் செய்துவிட்டு வந்து, அன்று மாலை ஒரு தாளைச் சொந்தக்காரர் ஒருவர் கையில் கொடுத்தார். பாட்டும் இருந்தது, அவரே போட்ட ஒரு மெட்டும் இருந்தது. அந்த மெட்டு நிலைக்கவில்லை. அவரும் நிலைக்கவில்லை. நவம்பர் 20 அன்று இன்று பிரான்சில் இருக்கிற நீஸ் நகரில் காலமானார். கல்லறையும் அங்கேதான்.

இரண்டு கதையும் உண்மையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இருபத்தேழு வயதில் நண்பனுக்காக எழுதியதை, தன் முறை வந்தபோது எடுத்துத் தூசி தட்டியிருக்கலாம். நண்பன் விட்டுப்போன சொல்லைத் தனக்காகச் சொல்லிக்கொள்ள இருபத்தேழு ஆண்டு ஆகியிருக்கிறது.

அந்தச் சொல்லும் லெ ஹன்டின் சொந்தச் சொல் அல்ல. லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருப்பது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த மூன்றாம் நாள், அவருடைய சீடர்கள் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்து போகிறார்கள். ஏழெட்டு மைல் தூரம். ஒருவர் பெயர் கிலெயோப்பா. மற்றவர் பெயரைச் சுவிசேஷம் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பேசுவதுபோல் நடந்ததையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு போகிறார்கள். வழியில் ஒருவர் கூடவே வருகிறார், அடையாளம் தெரியவில்லை. ஊர் வந்ததும் அவர் தாண்டிப் போகப் பார்க்கிறார். பொழுது போயிற்று, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்தி வீட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறக்கிறது: இழந்துவிட்டோம் என்று யாருக்காக அழுதார்களோ அவரேதான். கண்டுகொண்ட நொடியில் அவர் மறைந்தும் போகிறார். நண்பனை இழந்தவர்கள் அவனை மறுபடி பார்த்த கதை அது. லைட்டின் பாட்டை வெறும் மாலை ஜெபமாகப் பாடுகிறவர்கள் இந்த நடையை மறந்துவிடுகிறார்கள்.

மறந்ததற்குப் பாட்டுப் புத்தகமும் ஒரு காரணம். 1861-இல் இங்கிலாந்தில் ‘ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்’ என்ற தொகுப்பு வந்தது. அதன் இசைப் பொறுப்பாளர் வில்லியம் ஹென்றி மாங்க் இந்தப் பாட்டுக்கு ‘ஈவன்டைட்’ என்ற மெட்டைப் போட்டார். கமிட்டிக் கூட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் போட்டார் என்கிறார்கள் சிலர். பெரிய துக்கத்தில் இருந்த நாளில், இருவரும் கைகோத்துச் சூரியன் மறைவதைப் பார்த்த பிறகு எழுதினார் என்றார் அவர் மனைவி. எனக்குச் சூரியாஸ்தமனக் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; ஆனால் மனைவி சொன்னதைத் தள்ளிவிடவும் மனமில்லை. மெட்டு எப்படி வந்திருந்தாலும், பாட்டைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றியது அதுதான். அந்தத் தொகுப்பு செய்த இன்னொரு காரியமும் உண்டு. லைட் எழுதிய எட்டுச் சரணத்தில் மூன்றைக் கத்தரித்தது. போனவற்றில் ஒன்று, சீடர்களோடு நெருங்கிப் பழகியதுபோல் என்னோடும் பழகு என்று கேட்பது. இன்னொன்று, ராஜாதி ராஜனாக மிரட்டிக்கொண்டு வராதே, பாவிகளின் தோழனாக வா என்று கேட்பது. அதாவது, நண்பனின் கட்டிலருகே பிறந்த பாட்டில் நண்பன் என்ற பேச்சு வருகிற இடங்களே வெட்டுப்பட்டன. பாட்டு நீளம் என்று பார்த்திருப்பார்கள்.

ஐந்து சரணத்தோடு அது எங்கெல்லாமோ போயிற்று. 1915 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில், விடிந்தால் ஜெர்மானியர் தன்னைச் சுடப்போகிறார்கள் என்ற இரவில், செவிலியர் ஈடித் கேவலும் அவரைப் பார்க்க வந்த குருவானவர் கேஹனும் இதைச் சேர்ந்து சொன்னார்கள். 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முன் மைதானமே எழுந்து பாடுகிறது. அந்த முதல் வருடம் கார்டிஃப் ஒரே ஒரு கோல் போட்டு ஆர்சனலை வென்றது. கால்பந்துக்கும் மரணப் படுக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். முதல் உலகப் போர் முடிந்து ஒன்பதே வருடம். அந்தக் கூட்டத்தில் பக்கத்து இருக்கை காலியாகிப் போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

இனி நம் பக்கம். காஞ்சிபுரத்துக்கு ஸ்காட்லாந்து மிஷன் வந்தது இந்தப் பாட்டு அச்சாவதற்கு முன்பே. மிஷனரி ஜான் ஆண்டர்சன் பெயரால் இன்றும் நடக்கிற பள்ளி 1839-இல் தொடங்கியது. லைட் அப்போது பிரிக்ஸமில் இருமிக்கொண்டிருந்தார். ஆனால் பாட்டு வந்ததும் ஓடிவந்து சேர்ந்துவிடவில்லை. ஸ்காட்லாந்துச் சபையாருக்கு ஆராதனையில் சங்கீதங்கள்தான் பாட்டு. தாவீது பாடியதை விட்டுவிட்டு மனிதர் கட்டிய பாட்டைப் பாடலாமா என்ற சண்டை 1870-கள் வரை அங்கே ஓயவில்லை. ஸ்காட்லாந்துச் சபைகள் பொதுவான பாட்டுப் புத்தகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது 1898-இல். லைட் பிறந்தது அவர்கள் மண்ணில். பாடியது இங்கிலாந்துச் சபை. அவர்கள் கடைசியில்தான் கூடப் பாடினார்கள்.

அந்த இருபது முப்பது ஆண்டுகளில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பும், அதைத் தொடர்ந்து 1892-இல் நிலம் ஒதுக்க வந்த அரசாணையும் பஞ்சமி நில வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதே காலத்தில் ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரி, நிலமில்லாதவர்களுக்கு நிலத்தோடு குடியிருப்பு என்று செங்கல்பட்டுப் பக்கம் மெல்ரோசாபுரத்தை உண்டாக்கினார். பெயரிலேயே ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் இருக்கிறது. மெல்ரோஸும் லைட் பிறந்த எட்னமும் பழைய ராக்ஸ்பர்க்ஷயர் என்ற ஒரே மாவட்டத்து ஊர்கள். பாட்டெழுதியவரின் ஜில்லா ஊர் ஒன்றின் பெயரைச் சுமந்த ஊர் நம் பழைய ஜில்லாவில் இருக்கிறது என்பது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல். இந்தப் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலானவை அன்று மனு எழுதவும் பட்டா கேட்கவும் பள்ளிக்கூடம் கேட்கவும் கூடிய சேரிகளில்தான் வேர்விட்டன. பாட்டு அந்தப் பேச்சுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. அதைத் தனியாகப் பிரித்துப் பக்தி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை போய்விடும்.

1908-இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையாகச் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் கூடி தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. அந்த இணைப்புக்கு உழைத்தவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். 1939 முதல் காஞ்சிபுரத்தில் இருந்தவர். ராமகிருஷ்ண மடத்தில் இந்துப் பெரியவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதமும் ஒரு வாரம் யோவான் சுவிசேஷமும் படித்தவர். பிற்பாடு சென்னைப் பேராயரானவர். சபைகள் கூடியபோது பாட்டுப் புத்தகங்களும் கூடின. அதுவரை ஒருவருக்கு ஒருவர் தெரியாத மெட்டுகள் ஒரே அட்டைக்குள் வந்தன.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு பாட்டு மரபு. ஒன்று கீர்த்தனை: ராகம், தாளம், பல்லவி, சரணம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் கட்டியது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் தொகுத்து அச்சிட்ட பிறகு சபை ஆராதனைக்குள் உரிமையோடு நுழைந்தது. மற்றது ஞானப்பாட்டு வழி: ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ்ச் சொல். தரங்கம்பாடி ஜெர்மானியர்கள் தொடங்கி, வேப்பேரியில் பப்ரீசியுஸ் செப்பம் செய்த வழி. பாமாலை அந்த வழியில் வந்தது. கீர்த்தனைக்காரர்கள் பாமாலைப் பாட்டைக் கட்டை மாதிரி நிற்கிறது என்பார்கள். பாமாலைக்காரர்கள் கீர்த்தனையைக் கச்சேரி என்பார்கள். இரண்டு பேரும் சாவு வீட்டில் இரண்டையும் பாடுவார்கள்.

‘என்னோடிரும்’ பாட்டின் தமிழ் வடிவத்தில்தான் எனக்கு ஆச்சரியம். இங்கிலாந்துத் தொகுப்பு கத்தரித்துப் போட்டதாகச் சொன்னேனே, மிரட்டாமல் தோழனாக வா என்கிற சரணம். அது தமிழில் மூன்றாவதாக உயிரோடு இருக்கிறது. நியாயாதிபதியாக வேண்டாம், நேசனாக வந்து சேர் என்கிற அந்த வேண்டுதலைத் தமிழில் தந்தவர் பாட்டை முழுதாகப் படித்திருக்கிறார் என்பது தெளிவு. இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். வாழ்நாள் வற்றி வடிகிறது என்று ஆங்கிலத்தில் வருகிற இடத்தில் நீர்க்குமிழியைக் கொண்டுவந்து வைத்தார். நிலையாமைக்குக் குமிழியைக் காட்டுவது குமரகுருபரர் வீட்டுச் சொத்து; கேட்கிறவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. தாலுகாக் கச்சேரியிலும் காவல் நிலையத்திலும் கைகட்டி நின்று பழகிய மக்களிடம், நீதிபதியாக வராதே என்கிற சரணம் போய்ச் சேர்ந்தது சும்மா இல்லை.

நண்பனின் சாவில் ‘கூட இரு’ என்று கேட்பதும் நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. பறம்பு மலைப் பாரி இறந்தபின் கபிலர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. என்னைப் பின்னே இருக்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் போனாயே என்று கோபித்துக்கொண்டு, இந்தப் பிறவியில் போலவே அடுத்ததிலும் உன்னோடு உடனுறையும் வாழ்வை ஊழ் தரட்டும் என்று முடிப்பார். பாரியின் பெண்களைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, திருக்கோவலூர்ப் பெண்ணையாற்றங்கரையில் உயிரை விட்டதாகச் சொல்வார்கள். ஆற்றுக்குள் நிற்கும் பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். கபிலருக்கு மறுபிறவி, லைட்டுக்கு உயிர்த்தெழுதல், நம்பிக்கை வேறு. வேண்டுகோள் ஒன்று. வெக்ஸ்போர்டுக் கட்டிலில் அதைக் கேட்டவன் போகிறவன். பெண்ணையாற்றங்கரையில் கேட்டவன் இருக்கிறவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தில்லிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். காந்திக்குப் பிடித்த பாட்டுகளில் இது ஒன்று. அதனால் குடியரசு தின விழா முடிவில், ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் படைகளின் ‘பீட்டிங் ரிட்ரீட்’ நிகழ்ச்சியில் 1950-கள் தொட்டு வாசித்து வந்தார்கள். மறுநாள் காந்தியின் நினைவு நாள். 2022-இல் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வந்தது 1962 போரில் மாண்ட வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, லதா மங்கேஷ்கர் நேரு முன்னிலையில் பாடிய ‘ஏ மேரே வதன் கே லோகோ’. அது குறைந்த பாட்டல்ல. ஆனால் அது போனவர்களை மறக்காதே என்று ஊருக்குச் சொல்கிற பாட்டு. இது போகிறவன் ஒரு துணையைக் கேட்கிற பாட்டு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. தொலைக்காட்சியில் அதன் மேல் காரசாரமாக விவாதம் நடந்தது. தில்லி மைதானத்தில் யார் எதை வாசித்தாலும் உத்திரமேரூர் வட்டாரத்து மானாம்பதிப் பக்கம் பாட்டு நிற்கப் போவதில்லை. இங்கே அதை ஆரம்பித்து வைத்தது எந்த அரசும் இல்லையே.

இங்கே அது எப்படி நடக்கிறது என்றால், காலையில் சாவுச் செய்தி வந்ததும் முதலில் ஃபிரீசர் பெட்டிக்குச் சொல்லுவார்கள். அப்புறம் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸ். படத்துக்குக் கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட வேண்டும். காலமானார் என்று அச்சாகி வந்தால் வீட்டில் யாராவது கோபித்துக்கொள்வார்கள். ஐயர் என்று அழைக்கிற போதகர் வந்து ஜெபம் செய்யும் வரை பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரி கூடாது, நம்பிக்கையற்றவர்கள்தான் அப்படி அழுவார்கள் என்று சொல்லிப் பார்க்கிற போதகர்கள் உண்டு. கேட்கிற பெண்கள் இல்லை. ஜெபத்தோடு பாட்டு மாறும். கீபோர்டு வாடகைக்கு வந்திருக்கும். பையன் பழக்கதோஷத்தில் ஒரு தாளத்தைத் தட்டிவிடுவான். பின்னால் இருந்து ஒரு பெரியவர் ‘அத நிறுத்துப்பா’ என்பார். தாளப்பெட்டி நின்றதும் பாட்டு இறங்கித் தன் நடையில் போகும். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு முட்ட நீட்டி, யார் மூச்சு முதலில் தீர்கிறதோ அவரை மற்றவர்கள் தாங்கிக்கொண்டு போவார்கள். மெட்டுக்காரர் மாங்க் இந்த நீட்டலை எழுதவில்லை. தேவைப்பட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. நான் ஆறு நிமிடப் பாட்டுக்கு ஓட்டுப் போடுவது இதற்காகத்தான்.

பெட்டி மேலே கையை வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரை அநேகமாக எல்லாச் சாவிலும் பார்க்கலாம். மகனாக இருக்க மாட்டார். மகனுக்குக் கணக்கு வழக்கு, வேன், குழி வெட்டுகிறவர்கள் என்று ஆயிரம் வேலை. கை வைத்து நிற்பவர் கூட ஏர் ஓட்டியவர், கூடக் கல் உடைக்கப் போனவர், ஒன்றாக ஞானஸ்நானம் எடுத்தவர். இரங்கல் சொல்ல மைக்கில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பாட்டில் மூன்றாவது சரணம் வரும்போது அவருக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

அடக்கத்தைச் சாயங்காலம் வைப்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. பையன்கள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி, பைக் பிடித்து வந்து சேர ஐந்து ஐந்தரை ஆகிவிடும். செத்தவனின் சிநேகிதன் வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூடினால் அந்தப் பேச்சு ஊரில் வருடக்கணக்காக ஓடும். ஆகவே காத்திருப்பார்கள். பாட்டு முடிந்த பிறகு அவன் ஹெல்மெட்டோடு ஓடிவந்தால், உபதேசியார் இன்னொரு தரம் முதலிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கீபோர்டுக்காரப் பையன் முகத்தைச் சுளிப்பான். அவன் பேசிய வாடகை ஆறு மணி வரைக்கும்தான்.